ஐஸ் உடைக்கிற கை

போன சித்திரையில் ஊருக்கு வந்திருந்த என் சித்தப்பா மகன் தோள்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டினான். கெட்டித் துணியில் தைத்த சின்னப் பை. கூடவே கைக்கு அடக்கமான ஒரு மரச் சுத்தியல். சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் பாரில் அவனுக்கு வேலை. காக்டெய்ல் கலக்குகிறவன்.

"அண்ணே, இதுக்குப் பேரு லூயிஸ் பேக். ஐஸ இதுக்குள்ள போட்டுக் கட்டையால அடிச்சா தூளாயிரும். உருகுற தண்ணிய துணி உறிஞ்சிக்கிரும். தூளு காஞ்சாப்புல நிக்கும். ஜூலெப்பு, மொஜிட்டோன்னு கேக்குறவகளுக்கு இந்தத் தூள்தான் போடணும். கட்டி ஐஸ் போட்டா திருப்பிக் குடுத்துருவாக."

என் அப்பா அந்தப் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"ஏண்டா, இது நம்ம சாக்குதானடா? இதுக்கா காலேசுக்குப் போயிப் படிச்சே? எங்கிட்டயே கத்துக்கிட்டிருக்கலாமே!"

இராமேசுவரம் கடற்கரையில் ஓர் ஐஸ் கம்பெனியில் இருபத்தைந்து வருடம் ஐஸ் உடைத்தவர் அப்பா. கிரஷர் மிஷின் வருவதற்கு முன்னால் ஐஸ் பாரைச் சாக்குக்குள் போட்டுக் கட்டையால் அடித்துத் தூளாக்கியதுதான் அவருடைய வேலை. ஒரே குடும்பத்தில் ஒருவர் மீனுக்காக உடைத்தார், ஒருவன் மதுவுக்காக உடைக்கிறான். அன்று எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு அடங்கியபின் ஒரு கேள்வி மிஞ்சியது. கண்ணாடிக் கோப்பையில் பளபளக்கிற அந்த ஐஸ் தூளுக்கு ஒரு வரலாறு உண்டு. எந்த ஊரில், எந்தக் கோப்பையில், எந்தத் துரை முதலில் குடித்தான் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதை உடைத்தது யார்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் போகிற முயற்சி.

முதலில் ஐஸை ஏன் உடைக்க வேண்டும்? பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுர ஐஸ் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிப்பரப்பு மொத்தம் 600 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்தால் ஆயிரம் துண்டு. வெளிப்பரப்பு 6000 சதுர சென்டிமீட்டர். ஐஸ் அதே ஐஸ்தான், எடை கூடவில்லை. ஆனால் தொடுகிற இடம் பத்து மடங்கு கூடிவிட்டது. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் தன்னைத் தொட்டுக்கொண்டிருப்பதிலிருந்துதான் அது இழுக்கிறது. தொடுகிற இடம் கூடக்கூட இழுக்கிற வேகமும் கூடும். ஆக, ஐஸின் வேலையே தொடுவதுதான். தொடாமல் எதையும் அது குளிர வைக்க முடியாது. மீனின் செவுளுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போய்த் தொட வேண்டும் என்பதற்காகத்தான் படகில் தூள் ஐஸ் போடுகிறார்கள். புதினாவும் சர்க்கரையும் சாராயமும் கலந்த கோப்பையில் மூலைமுடுக்கெல்லாம் தொட வேண்டும் என்பதற்காகத்தான் பாரிலும் தூள் ஐஸ். கூடவே அது சீக்கிரம் உருகி, காட்டமான சாராயத்தை மெல்ல மெல்லத் தண்ணீராக்கிக் குடிக்கிறவன் தொண்டைக்கு இதமாக்கும். தொடுவதால் மட்டுமே பயன்படுகிற ஒரு பொருள், தொடக்கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் கைகளில் உடைந்து வந்திருக்கிறது. தொட்டதால் அது தீட்டாகிவிட்டது என்று எந்தத் துரையும் எந்தக் கப்பல் முதலாளியும் சொன்னதில்லை.

ஐஸ் தூளில் செய்கிற காக்டெய்ல்களில் பேர் பெற்றது மின்ட் ஜூலெப். அமெரிக்காவின் தென்மாநிலங்களில், பருத்தியும் புகையிலையும் கறுப்பு அடிமைகளின் முதுகில் விளைந்த அந்த மண்ணில் பிரபலமானது. பண்ணையார் வீட்டுத் தாழ்வாரம், வெள்ளிக் கோப்பை, வெளியே பனி பூக்கும் அளவுக்கு உள்ளே ஐஸ் தூள் என்று அதைப் பற்றி எழுதாத ஆளில்லை. அந்தக் கோப்பையை நிரப்பிய கைகளில் ஒன்று ஜான் டாப்னியுடையது. வர்ஜீனியாவில் 1820களில் அடிமையாகப் பிறந்தவர். ரிச்மண்ட் நகரத்தில் மது கலக்குகிறவராகவும் விருந்துச் சமையல்காரராகவும் புகழ் பெற்றார். அவருடைய ஜூலெப்புக்கு 'ஆலங்கட்டி மழை' என்றே பெயர். அவ்வளவு ஐஸ் தூள். 1860இல் இங்கிலாந்து இளவரசர் ரிச்மண்டுக்கு வந்தபோது அவருக்கு ஜூலெப் கலந்து கொடுத்ததும் டாப்னிதான்.

அவர் சம்பாதித்ததில் பெரும்பங்கு அவரை உடைமையாக வைத்திருந்தவர்களுக்குப் போனது. தனக்கென்று மிஞ்சியதைச் சேர்த்து வைத்து, முதலில் மனைவியின் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார். தன்னுடைய விடுதலைக்கும் தவணை கட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. அதன் பின்னும் மீதிப் பணத்தைக் கொண்டுபோய்ப் பழைய எசமானியிடம் கொடுத்தார். இதை வெள்ளையர்கள் 'நாணயமான நீக்ரோ'வுக்கு உதாரணமாக வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதனுக்கு அவனையே தவணை முறையில் விற்றவர்களின் நாணயத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நம் ஊரில் பண்ணையாளின் 'விசுவாசம்' பற்றி ஆண்டைகள் பேசுகிற பேச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஐஸ் அமெரிக்காவிலிருந்து நம் கரைக்கு வந்த கதைக்கு வருவோம். பாஸ்டன் நகரத்து பிரடெரிக் டியூடர் என்கிற வியாபாரி 1806இல் மார்ட்டினிக் தீவுக்கு ஐஸ் ஏற்றிப்போனான். ஊரே சிரித்தது. குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளை அறுத்து, மரத்தூளில் புதைத்து, வெயில் நாடுகளுக்கு விற்பதுதான் அவன் திட்டம். 1833இல் டஸ்கனி என்ற கப்பல் சுமார் 180 டன் ஐஸை ஏற்றிக்கொண்டு நான்கு மாதம் கடலில் வந்து கல்கத்தாவை அடைந்தது. ஏறக்குறைய 100 டன் உருகாமல் மிஞ்சியது. 1840களில் சென்னைக் கடற்கரையில் அந்த ஐஸைச் சேமிக்க வட்டச் சுவரோடு ஒரு கட்டடம் எழுந்தது. அதுதான் ஐஸ் அவுஸ். 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்தில் ஐஸ் அறுத்ததை நேரில் பார்த்த தோரோ, தன் குளத்துத் தண்ணீரைச் சென்னை மக்களும் குடிக்கப் போகிறார்கள் என்று மகிழ்ந்து எழுதினார். சென்னை மக்கள் என்றால் எந்த மக்கள்? அந்த ஐஸ் போனது வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்களுக்கும், 1832இல் தொடங்கி இந்தியர் எவரையும் உறுப்பினராகச் சேர்க்காமல் நூறாண்டுக்கு மேல் நடந்த மெட்ராஸ் கிளப் போன்ற இடங்களுக்கும்தான். அங்கே ஒயினும் பிராந்தியும் சோடாவும் குளிர்ந்தன.

சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைக் கிழித்துக்கொண்டு போகிற மசூலாப் படகுகளில் சரக்கை இறக்கிக் கரை சேர்க்க வேண்டும். கரையிலிருந்து சுமக்க வேண்டும். உருகிக்கொண்டே இருக்கிற சுமை அது. ஓர் ஐஸ் பாரை வெறுந்தோளில் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தால் தெரியும். முதலில் குளிரும், அப்புறம் எரியும், அப்புறம் மரத்துப்போகும். மரத்துப்போன பிறகு தோல் உரிவதுகூடத் தெரியாது. அப்பாவின் இடது தோளில் இன்றும் ஒரு வெளிறிய தடம் இருக்கிறது.

1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்துச் சனங்கள் இலட்சக்கணக்கில் செத்து விழுந்தார்கள். செத்தவர்களில் அதிகம் பேர் சேரி மக்கள். அந்தப் பஞ்ச காலத்தில் ஐஸ் அவுஸில் தலித் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை மையமாக வைத்து ஜெயமோகன் 'வெள்ளை யானை' என்ற நாவலை 2013இல் வெளியிட்டார். அந்த நாவல் பரவலாகப் பேசப்பட்டது. நல்லதுதான். ஆனால் அதில் எல்லாவற்றையும் பார்க்கிற கண் ஏய்டன் என்கிற அயர்லாந்து அதிகாரியுடையது. குற்றவுணர்வு அவனுக்கு, தத்துவத் தேடல் அவனுக்கு. ஐஸ் சுமந்தவனின் தோள் எரிச்சலை அவன் தோளுக்குள்ளிருந்து எழுத இன்னும் ஆள் வரவில்லை. குறை சொல்லிவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை. அந்த வேலை நம்முடையது என்பதற்காகச் சொல்கிறேன்.

இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அமெரிக்க ஐஸ் வியாபாரம் நொடித்தது. ஐஸ் அவுஸ் கைமாறிப் பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞரின் மாளிகையானது. இங்கேதான் எங்கள் கடற்கரை இந்தக் கதைக்குள் வருகிறது. மேலைநாட்டுப் பயணம் முடித்த விவேகானந்தர் 1897 சனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கினார். பாஸ்கர சேதுபதி ராசா நேரில் வந்து வரவேற்றார். அங்கிருந்து சென்னை போனவர் பிப்ரவரியில் ஒன்பது நாள் தங்கியது ஐஸ் அவுஸில்தான். பிற்பாடு அந்தக் கட்டடத்தில் சகோதரி சுப்புலட்சுமி பார்ப்பன இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். 1963இல் அது விவேகானந்தர் இல்லம் ஆனது. ஒன்பது நாள் தங்கியவர் பெயர் கட்டடத்துக்கு வந்தது. பாம்பனிலும் அவர் கால் வைத்த குந்துகாலில் மண்டபம் எழுந்தது. நாற்பது வருடம்போல் அந்தக் கட்டடத்துக்கு ஐஸ் சுமந்தவர்களில் ஒருவருடைய பெயராவது எங்காவது ஒரு கல்லில் உண்டா? சனங்கள் மட்டும் இன்னமும் அந்தப் பகுதியை ஐஸ் அவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். பஸ் கண்டக்டரும் ஆட்டோக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வாய்மொழி சில நேரம் கல்வெட்டைவிட நேர்மையானது.

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். நம் பழைய இலக்கியத்துக்கு ஐஸ் தெரியும், ஆனால் வானத்திலிருந்து விழுவதாக மட்டும். 'ஆலி' என்பது அதற்குச் சங்கச் சொல். ஆலங்கட்டி அதன் வழிவந்தது. குளிர்ச்சி என்பது அந்த இலக்கியத்தில் அருள். அரசனின் கருணைக்குத் 'தண்ணளி' என்று பெயர். அவனுடைய வெண்கொற்றக் குடை குடிகளுக்கெல்லாம் குளிர்ந்த நிழல் தரும் என்று புலவர்கள் பாடினார்கள். கல்லூரி வகுப்பில் இதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டத்து வரலாற்றைப் படித்தபோது தலையாட்டல் நின்றது.

1930 டிசம்பரில் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள் என்று, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. சட்டை, பனியன் போடக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு புழங்கக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 சூனில் தடைகள் பதினொன்றாகின. அதில் ஒன்று: பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு, பித்தளை கூடாது. தலையில் வைக்கிற சும்மாடும் வைக்கோலாகத்தான் இருக்க வேண்டும், துணி கூடாது.

நான்கு மாதக் கடல் பயணத்தில் உருகிவிடக்கூடாது என்று ஐஸைப் பதமாகப் பொதிந்து கொண்டுவந்த உலகம் இது. எங்கள் கிழவிகளின் உச்சந்தலைக்கு ஒரு கந்தல் துணியை அனுமதிக்காத உலகமும் இதுதான். 1927இல் மகத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்துப் போராடி மூன்று வருடம் கழித்து எங்கள் மண்ணில் போட்ட சட்டம் இது. குடை நிழல் எல்லோருக்கும் என்று பாடிய தமிழில்தான் இந்தத் தடையும் அறிவிக்கப்பட்டிருக்கும். வெயிலுக்குச் சாதி கிடையாது என்பார்கள். நிழலுக்கு இருக்கிறது. குளிர்ச்சிக்கு இருக்கிறது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது பக்கத்து ஊர் கடைத்தெருவில் ஒரு சர்பத் கடை உண்டு. மரத்தூளில் புதைத்த ஐஸ் கட்டியை எடுத்துக் கழுவி, துணியில் சுற்றிக் கட்டையால் நாலு அடி. நன்னாரி, எலுமிச்சை, அந்தத் தூள் ஐஸ். மற்ற பிள்ளைகளுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கூரையில் செருகி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர். குடித்துவிட்டு நாங்களே கழுவி அதே கூரையில் செருக வேண்டும். அந்தக் கடைக்கு ஐஸ் வந்தது அப்பா வேலை பார்த்த கம்பெனியிலிருந்து. அப்பா தூக்கிக் கொடுத்த பார். அவர் கை பட்ட ஐஸ் எல்லோருடைய தொண்டையிலும் இறங்கியது. அவர் மகன் வாய் பட்ட டம்ளர் மட்டும் தனியாகத் தொங்கியது. ஐஸ் உருகிவிடுகிறது, தொட்ட தடத்தை வைத்துக்கொள்வதில்லை. டம்ளர் வைத்துக்கொள்கிறது என்று நினைத்தார்கள்போல. எங்களுக்குப் பிடித்தது குச்சி ஐஸ்தான். சைக்கிளில் பெட்டி கட்டி வருகிறவர் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குச்சியைத்தான் கொடுப்பார். அதற்கு டம்ளர் வேண்டாம்.

கடற்கரைக்கு ஐஸ் எப்படி வந்தது? அதற்கு முன்னால் மீன் என்றால் அன்றே விற்க வேண்டும், இல்லையென்றால் உப்புப் போட்டுக் கருவாடாக்க வேண்டும். கருவாடு பெண்களின் கையில் இருந்த தொழில். 1950களில் நார்வே நாட்டு உதவியோடு கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் மீன்பிடித் திட்டம் தொடங்கி, விசைப்படகும் ஐஸ் ஆலையும் வந்தன. அறுபதுகளில் அந்தத் திட்டத்தின் கை மண்டபம் வரை நீண்டது. 1949 முதலே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம் முகாமில் இருந்தது. இறாலுக்கு சப்பானிலும் அமெரிக்காவிலும் நல்ல விலை கிடைத்ததும் இழுவைப்படகுகள் பெருகின. படகு பெருகியதும் ஐஸ் கம்பெனிகள் பெருகின. உப்புத் தண்ணீர்த் தொட்டி, அமோனியா, இரும்பு டப்பாக்கள், ஐம்பது கிலோ பார்கள். உப்புத் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே போனாலும் உறையாது. அதில் முக்கி வைத்த டப்பாவுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் உறைந்துவிடும். குடிதண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு மைல் கணக்கில் அலைகிற இராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த நல்ல தண்ணீர் லாரியில் வந்து இறங்கியது.

ஐஸ் வந்தபின் கரையில் அதிகாரம் இடம் மாறியது. மீனைப் பிடித்தவன் கையிலிருந்தும் கருவாடு போட்டவள் கையிலிருந்தும் அது மீனைக் காக்க வைக்க முடிந்தவன் கைக்குப் போனது. காக்க வைக்க முடிந்தவன்தான் விலை சொல்ல முடியும். இந்தக் கரையில் கடையர்கள் என்ற மக்கள் உண்டு. சங்கும் சிப்பியும் பொறுக்கிச் சுண்ணாம்பு சுட்டவர்கள், முத்துக் குளிக்கப் போனவர்களில் ஒரு பகுதியினர் என்று 1909இல் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். அந்தப் பெயருக்கே கடைசி என்று பொருள் சொல்லியிருக்கிறார். பட்டியல் சாதிகளில் வைக்கப்பட்டவர்கள். முத்தெடுத்தவனுக்குக் கடைசி என்று பெயர் வைத்த கரை இது. உள்நாட்டு ஊர்களிலிருந்து எங்களைப் போன்ற குடும்பங்கள் கூலிக்கு வந்து சேர்ந்தபோது எங்களுக்குக் கிடைத்தது கடலுமில்லை, படகுமில்லை. ஐஸ்தான்.

என் தாத்தா முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டு, மாவட்டமே பற்றி எரிந்தபோது ஊரை விட்டுக் கிளம்பியவர். "நெருப்புக்குப் பயந்து ஓடியாந்தேன், ஐஸ்ல வந்து விழுந்தேன்" என்பார். மண்டபம் பக்கம் உப்புச் சுமந்தார், கருவாட்டு மூட்டை தூக்கினார், கடைசியில் ஐஸ் கம்பெனி. அவருக்குப் பின் அப்பா.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் விசைப்படகு மீன்பிடிக்கத் தடை. 2001 முதல் 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். மீன் பெருக வேண்டும், சரி. மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது, அதுவும் சரி. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 5000 ரூபாயிலிருந்து 8000 ரூபாயாக முதலமைச்சர் உயர்த்தி அறிவித்தார். படகு நின்றால் ஐஸ் கம்பெனியும் நிற்கும். அப்பா கணக்கில் அது இரண்டு மாதம் கூலி இல்லாத காலம். அவர் மீனவர் இல்லை. கையில் நிலம் இல்லை. பதிவேட்டில் பெயர் ஏறாத தினக்கூலி என்பதால் ஆலைத் தொழிலாளியும் இல்லை. ஒருமுறை நிவாரணம் கேட்டு அலுவலகத்துக்குப் போனவரிடம் "நீங்க என்ன வகையில வர்றீங்க?" என்று கேட்டார்களாம். "எந்த வகையிலயும் வரலைங்க. நடந்துதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். இதைச் சொல்லி அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

2009 வைகாசியில் தாத்தா இறந்தார். மலேசியாவில் இருந்த மாமா வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். அக்கினி வெயில். பக்கத்து டவுனில் பிணத்துக்கு வைக்கிற குளிர்சாதனப் பெட்டி வாடகைக்குக் கொடுப்பவரிடம் சித்தப்பா போன் செய்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறார்கள். தெருப் பேரைச் சொன்னதும் "பெட்டி வெளிய போயிருக்கு" என்று பதில். மறுநாள் காலை அதே பெட்டி ஊருக்குள் இன்னொரு வீட்டு வாசலில் இறங்கியதை எங்கள் தெருவே பார்த்தது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. டெம்போ பிடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். ஆறு பார் ஐஸோடு வந்தார். விலையைப் பிற்பாடு கூலியில் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் தெரு ஆம்பிளைகள் ராத்திரி முழுக்கச் சாக்கில் போட்டு உடைத்தார்கள். நானும் உடைத்தேன். எனக்குச் சரியாக வரவில்லை, பெரிய பெரிய துண்டாக உடைந்தது. அப்பா என் கையிலிருந்து கட்டையை வாங்கினார்.

"இன்னும் தூளா வேணும்டா. கட்டியா இருந்தா ஒடம்புல குத்தும். பூப்போல இருக்கணும்."

விடிய விடிய ஐஸ் உருகித் தண்ணீர் வாசல் வழியாகத் தெருவில் ஓடியது. அப்பத்தா அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. ஊரெல்லாம் கெடாமல் இருக்க ஐஸ் சுமந்தவரைத் தெரு மட்டுமே கெடாமல் காத்தது.

தோழர்களே, நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. தறிக்கு வரலாறு எழுதியிருக்கிறோம், பறைக்கு எழுதியிருக்கிறோம், தோலுக்கும் மலத்துக்கும் எழுதியிருக்கிறோம். ஐஸுக்கும் எழுத வேண்டும். இராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரை நெடுக ஐஸ் கம்பெனிகளில் முதுகு வளைந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அமோனியா கசிந்து கண் எரிந்தவர்கள், கிரஷரில் விரல் போனவர்கள், தோல் வெளிறியவர்கள். மாணவர்கள் ஒரு விடுமுறையில் போய் உட்கார்ந்து கேட்டால் போதும். பெயரைக் கேளுங்கள், எந்த வருடம் சேர்ந்தார் என்று கேளுங்கள், முதல் நாள் கூலி என்ன என்று கேளுங்கள். தடைக்கால நிவாரணம் யார் யாருக்குச் சேர வேண்டும் என்று பட்டியல் போடும்போது இந்தப் பெயர்களையும் எடுத்துக்கொண்டு போய் நிற்கலாம். டாப்னியின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அவருடைய மகன் படித்து, எழுதுகிறவராக வந்து, தன் தகப்பனைப் பற்றி எழுதி வைத்ததும் ஒரு காரணம்.

சித்தப்பா மகன் சென்னைக்குக் கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் ஒன்று சொன்னான். பாரில் அவனுடைய ஐஸ் தூள் ஒரே சீராக இருக்கும் என்று பேராம். ஒருநாள் ஒரு பெரிய மனிதர் குடித்துக்கொண்டே, "எங்க தம்பி கத்துக்கிட்டே?" என்று கேட்டிருக்கிறார். "டிரெயினிங்ல சார்" என்று சொல்லிவிட்டானாம்.

"அடுத்த தடவ யாராவது கேட்டா, இராமேசுவரத்துல எங்க பெரியப்பாகிட்டன்னு சொல்லுடா" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "அடுத்து ஊரக் கேப்பாக, அப்புறம் தெருவக் கேப்பாகண்ணே" என்றான்.